மலடென்று விற்குமுன்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், மழை விட்ட ஒரு மாலை நேரம். லயத்தின் கோடியிலிருந்த மாட்டுக் கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. புல்லுக்கட்டு வைக்கும் மூலையில் ஒரு கோழி அடைகிடந்தது.

"மாட்டை வித்துட்டீங்களா அம்மா?" என்று கேட்டேன்.

அந்த வீட்டு அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூணு தடவ ஊசி போட்டும் நிக்கல சாமி. மலட்டு மாட்டுக்கு எத்தன நாளைக்குத்தான் புல்லு அறுக்கிறது? யாவாரிகிட்டக் குடுத்துட்டோம். அறுத்தப்பதான் தெரிஞ்சிச்சாம், வயித்துக்குள்ள கன்னு இருந்திச்சுன்னு."

மூன்றாவது ஊசி நின்றிருக்கிறது. அதன்பின் ஒருநாள் மாடு கத்தியதாம். "இந்த முறையும் பிடிக்கவில்லை" என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். சினை மாடுகளிலும் நூற்றில் சில, வயிற்றில் கன்று இருக்கும்போதே பருவத்துக்கு வந்ததுபோலக் கத்துவதுண்டு. இதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சினையைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இறைச்சி விலைக்குப் போனது ஒரு பசு மட்டுமல்ல. பிறக்கவிருந்த கன்றும், அது பிறந்தபின் அந்த வீட்டுக்கு வரவிருந்த பாற்காசும் கூடவே போயின.

அந்த மாடு மலடல்ல. அதனுள்ளே நடப்பதை வாசிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. வாசகர்களே, பேசக் கூச்சப்படுகிற ஒரு விடயத்தை இந்தக் கட்டுரையிலே வெளிப்படையாகப் பேசப் போகிறோம். கால்நடைகளின் இனப்பெருக்க உறுப்புகள் எவை, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதே அது.

ஊசி என்ற சொல்

எமது தோட்டங்களில் செயற்கைமுறைச் சினைப்படுத்தலை எல்லோரும் "ஊசி" என்றே சொல்கிறோம். சொல்வதற்கு எளிதான சொல்தான். ஆனால் அது நம்மைத் தவறான பாதையில் கொண்டுபோகிறது. ஊசி என்றால் மருந்து என்று நினைக்கிறோம். காய்ச்சலுக்கு இன்று போடும் ஊசியை நாளை போட்டாலும் ஏதோ பலன் உண்டு. அதுபோலவே மாட்டுக்கும் உத்தியோகத்தர் வரும்போது போட்டால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

உண்மையில் அங்கே மருந்தும் இல்லை, குத்துவதும் இல்லை. நீண்டு மெல்லிய உருக்குக் குழலொன்றின் மூலம் காளையின் விந்து பசுவின் கருப்பை வாசலைத் தாண்டி வைக்கப்படுகிறது. உள்ளே முட்டை வரும் வேளையில் வைத்தால் கன்று. அந்த வேளை தவறினால், எவ்வளவு நல்ல காளையின் விந்தாக இருந்தாலும் வீண். ஆகவே "எத்தனை ஊசி போட்டீர்கள்?" என்பதைவிட, "எந்த நேரத்தில் போட்டீர்கள்?" என்பதே முக்கியமான கேள்வி. அந்த நேரத்தை அறிய உறுப்புகளை அறிய வேண்டும்.

தட்டில் வைத்த பாடம்

சில வருடங்களுக்கு முன்பு, மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒருநாள் செயலமர்வு நடத்தினோம். வந்திருந்த மிருக வைத்தியர் படம் எதையும் தொங்கவிடவில்லை. இறைச்சிக்கு அறுக்கப்பட்ட ஒரு பசுவின் கருப்பையை முழுதாக எடுப்பித்து, கழுவி, வெள்ளை எனாமல் தட்டொன்றில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். முன்வரிசையில் இருந்த வாலிபர்கள் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்சுவர் பக்கம் ஒதுங்கினார்கள். அந்தக் காலத்தில் லயத்துப் பிரசவங்களுக்குக் கைகொடுத்துப் பழகிய பாட்டியொருவர்தான் முதலில் எழுந்து தட்டருகே வந்தார். "நாம இல்லாத எதையா வச்சிருக்கு? வந்து பாருங்கடி" என்றார். அதன்பின் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

வைத்தியர் வெளியிலிருந்து உள்நோக்கி விரலால் காட்டிக்கொண்டே போனார். நாமும் அவ்வாறே போவோம்.

முதலில் வருவது யோனி. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய நீளம், அதாவது 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரையான குழாய். சிறுநீர்ப்பையின் துவாரமும் இதன் அடித்தளத்தில்தான் திறக்கிறது. அதனால்தான் சினைப்படுத்துபவர் குழலை முதலில் மேல்நோக்கிச் சாய்த்து நுழைக்கிறார்.

அடுத்தது கருப்பைக் கழுத்து. ஏறத்தாழ 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீளம். தொட்டால் உரித்த கோழிக் கழுத்தைப் போலக் கெட்டியாக இருக்கும். அதனுள்ளே மூன்று நான்கு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. கருப்பையின் கதவு இதுதான். பருவ காலத்திலும் கன்று ஈனும்போதும் மட்டுமே இது நெகிழும். மாடு சினையானதும் தடித்த சளி இதனை முத்திரை வைத்தாற்போல் அடைத்துவிடும். சினை மாட்டுக்குத் தவறுதலாக மீண்டும் சினைப்படுத்தும்போது இந்த முத்திரை உடைந்தால் கரு கலைந்துபோகலாம்.

கழுத்தைத் தாண்டினால் கருப்பை. மனிதருக்கு இருப்பதுபோல ஒரே பையாக அது இருக்கவில்லை. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மாத்திரமே பொதுவான உடல். அதற்கப்பால் ஆட்டுக்கடாவின் கொம்புகள்போல இரண்டாகப் பிரிந்து சுருண்டு கிடக்கிறது. கன்று வளர்வது இந்தக் கொம்புகளில் ஒன்றிலேதான். கொம்புகளின் நுனியிலிருந்து நூல்போல் மெலிந்த சூல்குழாய்கள் இரண்டு வளைந்து செல்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். முட்டையும் விந்தும் சந்திப்பது இங்கேதான். உருவான கரு நான்கைந்து நாட்களின் பின்னரே கருப்பைக்கு இறங்கி வருகிறது.

ஈற்றில் சூலகங்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. "இவ்வளவு சின்னதா?" என்று பாட்டி வியந்தார். ஒரு பலாக்கொட்டை அளவுதான். ஆனால் கிடாரிக் கன்று பிறக்கும்போதே அதன் ஆயுளுக்கு வேண்டிய முட்டைகள் யாவும் பல்லாயிரமாக இங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன.

வைத்தியர் ஒரு சூலகத்தைப் புரட்டிக் காட்டினார். அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தது. "இந்த மஞ்சள் மேட்டைப் பார்த்தீர்களா? அண்மையில் இங்கிருந்து ஒரு முட்டை வெளிவந்திருக்கிறது. கருப்பையிலும் நோயில்லை. இந்தப் பசு மலடு அல்ல" என்றார். அறை அமைதியாகிவிட்டது. அந்த மாட்டை யார் விற்றார்களோ, எதற்காக விற்றார்களோ, எமக்குத் தெரியாது. ஆனால் அங்கிருந்தவர்களில் பலருக்குத் தாங்கள் விற்ற மாடொன்று நினைவுக்கு வந்திருக்கும்.

21 நாட் கடிகாரம்

அந்த மஞ்சள் மேட்டில்தான் முழு இரகசியமும் இருக்கிறது. சூலகத்தில் நீர்க்கொப்புளம் போன்ற ஒரு பை முட்டையைச் சுமந்துகொண்டு வளர்கிறது. முதிரும்போது அது ஒன்றரை சென்ரிமீற்றர் அளவுக்குப் பெருக்கும். அதிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஈஸ்திரஜன் என்ற ஓமோன்தான் மாட்டைக் கத்த வைக்கிறது, கால்மாற்றி நிற்க வைக்கிறது, கருப்பைக் கதவை நெகிழ்த்தித் தெளிந்த சளியை ஒழுக வைக்கிறது. இதுவே பருவம், அதாவது வேட்கைக் காலம்.

பருவம் பொதுவாக 12 முதல் 18 மணித்தியாலம் நிற்கும். அதைவிடக் குறைவாக நிற்கும் மாடுகளும் உண்டு. அது அடங்கி ஏறத்தாழ 10 முதல் 12 மணித்தியாலத்தின் பின்னரே கொப்புளம் வெடித்து முட்டை வெளிவருகிறது. முட்டையின் உயிர் சில மணித்தியாலங்களே. விந்தோ ஒரு நாளளவு உயிரோடிருக்கும். ஆனால் முட்டையைத் துளைக்கும் தகுதி பெற அதற்கு உள்ளே சில மணித்தியாலங்கள் தேவை. எனவே விந்து முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். "காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாட் காலையில்" என்ற விதி இதிலிருந்தே பிறந்தது.

முட்டை போன இடத்தில் மஞ்சள் மேடு வளர்ந்து, புரோஜெஸ்தரோன் என்ற இன்னொரு ஓமோனைச் சுரக்கிறது. இது கருப்பையைக் கன்றுக்காக ஆயத்தம் செய்து, மறு பருவம் வராமல் தடுக்கிறது. ஏறத்தாழ 16ஆம் நாள் கருப்பை காத்திருக்கிறது. உள்ளே கரு இருந்தால், "நான் இருக்கிறேன்" என்று அது ஓர் இரசாயனச் செய்தி அனுப்பும். செய்தி கிடைத்தால் மஞ்சள் மேடு நிலைக்கும்; கிடைக்காவிட்டால் கருப்பையே அதனைக் கரைத்துவிடும். புதிய கொப்புளம் வளரும். முதற் பருவத்திலிருந்து 21ஆம் நாளளவில் (18 முதல் 24க்குள்) மாடு மறுபடி கத்தும்.

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் நட்டம் ஒரு நாளல்ல, 21 நாட்கள். நாளுக்கு 6 லீற்றர் கறக்கும் மாடென்று வைத்துக்கொண்டால், அடுத்த ஈற்று அவ்வளவு பிந்துவதால் 126 லீற்றர் பால் கைக்கு வரத் தாமதமாகிறது. மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதம். அந்த நாட்களிலும் புல் அறுத்துத்தான் ஆகவேண்டும்.

கட்டிய மாடும் பிரட்டுக் களமும்

பட்டியாக மேயும் மாடுகளில் பருவத்தை அறிவது எளிது. ஒன்றன்மேல் ஒன்று தாவும். அசையாது நிற்பதே பருவத்திலுள்ள பசு. எமது தோட்டங்களிலோ ஒரு வீட்டுக்கு ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. கொட்டகையில் கட்டித்தான் வளர்க்கிறோம். தாவுவதற்கு இன்னொரு மாடும் இல்லை, மோப்பம் பிடிக்கக் காளையும் இல்லை. அந்த வேலையை நமது கண்களே செய்ய வேண்டும்.

அந்தக் கண்கள் பகலெல்லாம் மலையில் இருக்கின்றன! விடிந்ததும் பிரட்டுக்கு ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, வரும் வழியில் ஒரு கட்டுப் புல்லும் அறுத்துக்கொண்டு வீடு சேரும் பெண்ணே பெரும்பாலும் மாட்டைப் பார்க்கிறவர். பருவ அறிகுறிகளோ இரவிலும் வைகறையிலும் கூடுதலாகத் தோன்றும். ஆகவே பிரட்டுக்குப் போகுமுன் பத்து நிமிடம், இரவு படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் மாட்டின் பின்பக்கத்தைக் கவனித்துப் பார்த்தால் பெரும் பயனுண்டு. மாடு படுத்திருக்கும்போது சளி வெளியே வடிந்து, கண்ணாடி நூல்போல் வாலிலும் தொடையிலும் ஒட்டியிருக்கும். வெளியுறுப்பு சிவந்து வீங்கியிருக்கும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் விடும். தீனி குறையும். கறவையும் திடீரென்று சற்றுக் குறையலாம்.

பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாட்களில் வாலில் சிறிது இரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது நோயுமல்ல, கரு கலைந்ததுமல்ல. பருவம் வந்து போய்விட்டது என்பதற்கான அடையாளம். அன்று சினைப்படுத்துவதால் பயனில்லை. அந்த நாளைக் குறித்துக்கொண்டு, 17ஆம் நாளிலிருந்து விழிப்பாக இருக்க வேண்டும்.

காளை எங்கே?

தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் நன்கு வளர்ந்த காளையை நேரிற் கண்டதே இல்லை. கட்டவும் தீனி போடவும் இடமில்லாததால் காளைக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே விற்றுவிடுகிறோம். எமது மாடுகளின் "மாப்பிள்ளை" வேறெங்கோ இருக்கிறார். கண்டிக்கு அருகே குண்டசாலையில், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. அத்தகைய இடங்களில் வளர்க்கப்படும் காளைகளின் விந்துதான், மறை 196 பாகை செல்சியசில் திரவ நைதரசனுக்குள் உறைந்த நிலையில் மலையேறி வருகிறது.

காளையின் விதைகள் இரண்டும் வயிற்றுக்கு வெளியே பையில் தொங்குவது ஏன்? விந்து உருவாக உடற்சூட்டைவிட நான்கைந்து பாகை குறைந்த வெப்பம் வேண்டும். குளிரில் பை சுருங்கி உடலோடு ஒட்டும். வெயிலில் தளர்ந்து இறங்கும். விதையை ஒட்டியிருக்கும் விந்து முதிர்குழாயை நீட்டிப் பிடித்தால் 30 மீற்றருக்கு மேல் வரும். அதாவது பத்துக் காம்பரா லயமொன்றின் நீளம்! அத்தனையும் ஒரு சிறு முடிச்சுக்குள் சுருண்டு கிடக்கிறது. விந்து உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். அதனால் இன்று காய்ச்சல் கண்ட காளையின் விந்து, காய்ச்சல் மாறி வாரங்கள் சென்ற பின்னும் பழுதாக இருக்கலாம். ஆண்குறி சாதாரண நேரத்தில் 'ஸ' வடிவில் மடிந்து உறைக்குள் ஒளிந்திருக்கும். தேவைப்படும்போது மடிப்பு நிமிர்ந்து வெளியே நீளும்.

காளை ஒருமுறை விடும் விந்து ஒரு தேக்கரண்டியளவுதான், ஏறத்தாழ 5 மில்லிலீற்றர். அதில் 500 கோடி விந்துக்கலங்கள் வரை இருக்கும். ஒரு பசுவுக்கு இரண்டு கோடி போதும் என்பதால், நீர்த்து நிரப்பி இருநூறுக்கு மேற்பட்ட குழல்கள் செய்யலாம். குழலை நைதரசனிலிருந்து எடுத்ததும் 35 முதல் 37 பாகை வெந்நீரில் இளக்க வேண்டும். அதன்பின் தாமதிக்கக் கூடாது. எனவே உத்தியோகத்தர் வரும்போது மாடு புல்வெளியில் நிற்க, நாம் தேடித் திரிந்தால், அந்த நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடும். அவர் வருமுன் மாட்டைக் கொட்டகையில் கட்டி, வெந்நீரும் சவர்க்காரமும் ஆயத்தமாக வைத்திருப்பது நமது பங்கு.

ஆடு, பன்றி, கோழி

மற்றக் கால்நடைகளின் கட்டமைப்பும் இதேபோன்றதே; அளவும் வடிவமும் வேறுபடும். ஆட்டுக்கும் ஏறத்தாழ 21 நாட் சுற்றுத்தான். சினை 150 நாள். பன்றியின் கருப்பைக் கொம்புகள் ஒரு மீற்றருக்கும் மேல் நீண்டு குடல்போல் மடிந்து கிடக்கும். ஒரே ஈற்றில் பத்துக் குட்டி தாங்குவது அதனால்தான். அதன் சினை 114 நாள், அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். கடுவன் பன்றியின் குறி நுனி திருகுபோல் முறுக்கியிருக்கும். பெண் பன்றியின் கருப்பைக் கழுத்தும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. சேவலின் விதைகள் வெளியே இல்லை. முதுகெலும்பின் கீழ், சிறுநீரகத்தை ஒட்டி உள்ளேயே இருக்கின்றன. பேட்டுக்கோழியில் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ந்து முட்டையிடுகிறது. பசுவின் சினையோ ஏறத்தாழ 280 நாள். ஒரு தாயின் பத்து மாதக் கணக்குக்கு மிக அண்மையானது.

இந்த அறிவு வந்த வழி

இன்று நாம் எளிதாகச் சொல்லும் இவற்றை அறிய மனிதருக்கு நெடுங்காலம் சென்றது. பெண் விலங்குகளின் சூலகத்தை முன்னோர் "பெண் விதை" என்றே அழைத்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்ரெனோ, சுறா இனத்து மீனொன்றை அறுத்து ஆராய்ந்து, அது விதையல்ல, முட்டைகளின் உறைவிடம் என்று 1667இல் எழுதினார். உடற்கூற்று அறிஞரான அவர் பின்னர் கத்தோலிக்க ஆயரானார். ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரில் வைத்தியராயிருந்த டி கிராப், 1672இல் சூலகத்தின் நீர்க்கொப்புளங்களைத் துல்லியமாக வரைந்து காட்டினார். அந்தக் கொப்புளமே முட்டை என்று அவர் கருதியது பிழை. அதனுள்ளிருக்கும் உண்மையான முட்டையை வொன் பேயர் 1827இல்தான் கண்டார். இத்தாலியக் குருவான ஸ்பலன்சானி, 1780இல் ஒரு பெண் நாய்க்குப் பீச்சாங்குழலால் விந்தைச் செலுத்தினார். 62 நாளின்பின் மூன்று குட்டிகள் பிறந்தன. கிளிசரீன் சேர்த்தால் உறைநிலையிலும் விந்து உயிரோடிருக்கும் என்பது 1949இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. நமது கொட்டகைக்கு வரும் "ஊசி"யின் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது. இவர்களில் எவரும் உடலை ஆராய்வதை வெட்கமாகக் கருதியிருந்தால் இந்த அறிவு நமக்குக் கிட்டியிராது.

உண்மையான மலடு ஒன்று

மலடே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரட்டைக் கன்றில் ஒன்று காளையும் மற்றது கிடாரியுமாகப் பிறந்தால், அந்தக் கிடாரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். கருப்பையில் இரண்டின் இரத்தக் குழாய்களும் இணைந்து, காளைக் கன்றின் ஓமோன்கள் கிடாரியின் உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. வெளியே பார்த்தால் அழகான கிடாரிதான். உள்ளே யோனி வழமையான நீளத்தில் மூன்றிலொரு பங்களவிலேயே முடிந்துவிடும். மிருக வைத்தியர் மழுங்கிய குழாயொன்றை மெதுவாக விட்டுப் பார்த்து, கன்றுப் பருவத்திலேயே இதைச் சொல்லிவிடுவார். இதை அறியாத குடும்பமொன்று, இரட்டையில் ஒன்றான கிடாரியை மூன்று வருடம் புல்லறுத்து வளர்த்ததைக் கண்டிருக்கிறேன். ஒருபுறம் நல்ல மாட்டை மலடென்று விற்கிறோம். மறுபுறம் மலட்டைக் கறவையாகுமென்று காத்திருக்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

நாம் செய்யக் கூடியவை

1. லயத்துச் சுவரில் தொங்கும் கலண்டரே போதும். மாடு கத்திய நாள், சினைப்படுத்திய நாளும் நேரமும், இரத்தம் கண்ட நாள் ஆகிய மூன்றையும் குறியுங்கள். எழுத வராதவர் அடையாளமிடலாம். பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

2. பருவத்தைக் கண்ட உடனேயே உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். "நேற்று இரவு எட்டு மணிக்குக் கண்டேன்" என்று நேரத்தைச் சொல்லுங்கள்.

3. சினைப்படுத்திய 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை மறுபடி கவனியுங்கள்.

4. மறுபடி கத்தாவிட்டாலும், இரண்டு மூன்று மாதத்தில் சினைச் சோதனை செய்வியுங்கள். பின்னொரு நாள் கத்தினால், மீண்டும் சினைப்படுத்துமுன் சோதிக்கும்படி கேளுங்கள்.

5. கன்று ஈன்ற மாட்டின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 40 நாள் வேண்டும். 60 நாளின் பின் வரும் பருவத்தில் சினைப்படுத்துவது நல்லது.

6. மெலிந்த மாட்டின் சூலகம் உறங்கிவிடும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனியில் புல் கருகும்போது மாடுகள் பருவத்துக்கு வராததற்குப் பசியும் ஒரு காரணம். தவிடு, புண்ணாக்கு, தாதுப்பு ஆகியவற்றை அந்த மாதங்களில் கைவிடாதீர்கள்.

7. ஈன்ற பின் இளங்கொடி விழத் தாமதித்தால் இழுக்கவோ கல்லைக் கட்டித் தொங்கவிடவோ வேண்டாம். அது கருப்பைச் சுவரில் நூறளவு பொத்தான்கள் போட்டாற்போல் பொருந்தியிருக்கிறது. இழுத்தால் கிழிந்து கிருமி புகும். 12 மணித்தியாலத்துக்குள் பொதுவாகத் தானே விழும். ஒரு நாள் கடந்தால் வைத்தியரை அழையுங்கள். விழுந்த கொடியை முன்னோர் வழக்கப்படி ஆலமரத்தில் கட்டுவதோ புதைப்பதோ உங்கள் விருப்பம். நாய் தின்னாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. மூன்று முறை சினைப்படுத்தியும் நிற்காவிட்டால், யாவாரியை அல்ல, முதலில் மிருக வைத்தியரை அழையுங்கள்.

வெட்கம் யாருக்கு?

மாட்டைக் குளிப்பாட்டுவதும் புல் அறுப்பதும் பால் கறப்பதும் பெண். ஆனால் மாடு பருவத்துக்கு வந்ததைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் வாய் திறப்பதில்லை. "அவரு வேலை முடிஞ்சு வரட்டும், அவருகிட்ட சொல்லி, அவரு போய்ச் சொல்லட்டும்" என்று காத்திருக்கிறார். அவர் வந்து, கேட்டு, மறுநாள் போய்ச் சொல்வதற்குள் முட்டையின் உயிர் முடிந்துவிடுகிறது. இந்தக் கூச்சத்தின் விலை 21 நாட்கள்.

அன்றைய செயலமர்வில் சாதாரணதரம் படிக்கும் ஒரு மாணவி, தட்டைப் பார்த்துவிட்டுத் தாயிடம் சொன்னாள்: "அம்மா, இதெல்லாம் எங்க விஞ்ஞானப் புத்தகத்துல இருக்கு." எல்லோரும் போன பின்பு, நடுவயதுத் தாயொருவர் தட்டுக் கழுவிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "நாலு புள்ள பெத்துட்டேன் சாமி. எங்க வச்சு வளத்தேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்." மாட்டைப் பற்றிய பாடம் மாட்டோடு நிற்கவில்லை.

வெறும் கொட்டகையைக் காட்டிய அந்த அம்மாவின் வீட்டுக்கு அண்மையில் மறுபடி போனேன். சீட்டுப்பணம் எடுத்து ஒரு கிடாரி வாங்கியிருக்கிறார்கள். கலண்டரில் இரண்டு இடத்தில் மஞ்சளால் பொட்டு வைத்திருந்தது. முதற்பொட்டு கிடாரி கத்திய நாள்; அதிலிருந்து இருபதாம் நாள் இரண்டாவது பொட்டு. "மொத தடவ பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தோம். ரெண்டாந் தடவ விடியக்காலையிலயே நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றார் அவர். கணவர் சிரித்துக்கொண்டு புல்லை உதறினார். சினைச் சோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் இந்தமுறை அந்த வீட்டில் யாவாரி சொல்லி முடிவெடுக்க மாட்டார்கள்.

உங்கள் கொட்டகையிலுள்ள மாடு கடைசியாக எப்போது கத்தியது? பதில் தெரியாவிட்டால், இன்று இரவே ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு போய் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.